தமிழ்க் காதுக்கு ஆங்கிலம் ஏன் நழுவுகிறது

படித்தால் புரிகிறது, கேட்டால் புரிவதில்லை. ஆங்கிலம் கற்கும் தமிழர்கள் அதிகம் சொல்லும் புகார் இது. நாளிதழைத் தடையில்லாமல் வாசிப்பவர், அதே சொற்கள் தொலைபேசியில் வரும்போது தடுமாறுகிறார். எதிரே பேசுபவரின் வேகம்தான் காரணம் என்று முடிவுகட்டுகிறார். வேகத்தின் பங்கு உண்டு, ஆனால் அது சிறியது. அந்தச் சொல்லுக்கென்று அவர் மனத்தில் வைத்திருக்கும் ஒலியும் காதில் வந்து விழும் ஒலியும் வேறுவேறாக இருப்பதே பெரிய காரணம். 'வெ-ஜி-டே-பிள்' என்று நான்கு அசையாகப் பதிந்த சொல், 'வெஜ்-ட-புள்' என்று மூன்றே அசையில் வந்தால் முன்பின் தெரியாத சொல்லாகக் கடந்துபோகும். 'கம்ஃபர்டபிள்' என்று எழுத்துக்கூட்டி வைத்திருப்பவருக்கு 'கம்ஃப்டபுள்' பிடிபடாது.

ஆகவே உச்சரிப்பையும் கேட்பதையும் தனித்தனிப் பாடமாகப் பிரித்துப் படிப்பதில் பயனில்லை. வாய் சரியாகச் சொல்லப் பழகிய சொல்லைக் காது தவறவிடுவது அரிது.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். 'பின்' என்று எழுதினால் அது குண்டூசியா, குப்பைத்தொட்டியா என்பதே தெரியாது. இந்தக் கட்டுரையில் வரும் ஆங்கிலச் சொற்களும் அடையாளத்துக்காகத்தான். அவற்றின் ஒலியை ஒலிப்பதிவுள்ள அகராதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அழுத்தம்

பலரும் முதலில் நாக்கை எங்கே வைப்பது என்று கேட்கிறார்கள். அதைவிட முக்கியம், எந்த அசையை அழுத்துவது என்பது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்தோம். எழுத்தைப் பார்த்தாலே ஒலியின் அளவு தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த அளவைத் தீர்மானிப்பது அழுத்தம். ஒன்றுக்கு மேற்பட்ட அசை உள்ள சொல்லில் ஒரு அசை உரக்கவும் நீண்டும் சுருதி மாறியும் ஒலிக்கும், மற்றவை அதற்கு இடம்கொடுத்துச் சுருங்கும். சுருங்கும் உயிர் பெரும்பாலும் 'ஷ்வா' என்ற ஒலியாகிவிடும். வாயை அரைகுறையாகத் திறந்து, நாக்கை எங்கும் நகர்த்தாமல் சொல்லும் மிகக் குட்டையான 'அ' அது. அகராதியில் 'ஈ' எனும் ஆங்கில எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த குறியாக இருக்கும்.

ஆங்கிலத்தில் மிக அதிகமாக ஒலிக்கும் உயிர் இதுதான். ஆனால் இதற்கென்று ஓர் எழுத்துக்கூட அந்த மொழியில் கிடையாது. ஐந்து உயிரெழுத்துகளில் எதுவும் ஷ்வாவாக மாறலாம்: 'அபவுட்' என்பதன் முதல் எழுத்து, 'டேக்கன்', 'பென்சில்', 'லெமன்', 'சர்க்கஸ்' ஆகியவற்றின் இரண்டாம் உயிர் என ஐந்தும் ஒரே ஒலி. நாமோ எழுத்தைப் பார்த்து ஐந்து விதமாகச் சொல்கிறோம். சுருக்கம் என்பது தமிழுக்குப் புதிதும் இல்லை. 'மலை' என்னும்போது 'லை' இரண்டு மாத்திரை ஒலிப்பதில்லை. அதற்கு ஐகாரக்குறுக்கம் என்று பெயரே இருக்கிறது. அதே சுருக்கத்தை ஆங்கிலம் எல்லா உயிர்களுக்கும் செய்கிறது.

அழுத்தம் இடம்மாறினால் உயிர்களும் மாறும் என்பதற்கு ஒரு குடும்பத்தைப் பாருங்கள். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையில் அழுந்தும். புகைப்படக்கலையைக் குறிக்கும் சொல் இரண்டாம் அசையில் அழுந்தி 'ஃப-டா-க்ர-ஃபி' ஆகும். 'ஃபோட்டோகிராஃபிக்' மூன்றாம் அசைக்குப் போய்விடும். மூன்றையும் ஒரே அச்சில் வார்த்துச் சொன்னால் கேட்பவர் தடுமாறுவார். அவர் காது அழுத்தத்தை வைத்துத்தான் சொல்லைத் தேடுகிறது.

சில விதிகள் நிறைய வேலையை மிச்சப்படுத்தும். 'ஷன்', 'இக்', 'இட்டி' என்று முடியும் சொற்களில் அந்த விகுதிக்கு முந்தைய அசையே அழுந்தும். 'பாலிடிக்ஸ்' போல விலக்குகள் சில மட்டுமே. 'எகானமி' இரண்டாம் அசையில் அழுந்தும், 'எகனாமிக்' மூன்றாம் அசைக்குத் தாவும். பெயராகவும் வினையாகவும் வரும் சில ஈரசைச் சொற்களில் பெயர் முதல் அசையிலும் வினை இரண்டாம் அசையிலும் அழுந்தும்: 'ரெக்கார்டு' என்ற பதிவும், 'ரிக்கார்ட்' என்ற பதிவுசெய்தலும் அப்படி. விதி எதுவும் இல்லாமல் நாம் வழக்கமாக இடறும் சொற்களும் உண்டு. 'டெவலப்', 'ஹோட்டல்', 'ஈவென்ட்', 'டிடர்மின்', 'எக்ஸிக்யூட்டிவ்' ஆகிய ஐந்திலும் அழுத்தம் இரண்டாம் அசையில். நம் வாய் முதல் அசைக்கே ஓடும்.

புதுச் சொல் ஒன்றைக் குறித்துக்கொள்ளும்போது பொருளோடு மூன்று செய்திகளையும் எழுதுங்கள்: எத்தனை அசை, எது அழுந்தும், எவை ஷ்வா. அகராதியில் மேலே போடப்பட்ட சிறு செங்குத்துக் கோடு, அழுந்தும் அசைக்கு முன்னால் இருக்கும், பின்னால் இல்லை. இதைப் புரட்டிப் படிப்பவர்கள் நிறைய. பிறகு இரண்டு கட்டைவிரல்களில் ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி, அழுந்தும் அசையில் மட்டும் இழுத்தபடி சொல்லைச் சொல்லுங்கள். இழுக்காத இடங்களில் வாய் தானாகச் சோம்பும். அந்தச் சோம்பல்தான் வேண்டும்.

நம் வாயிலேயே இருக்கும் ஒலிகள்

'பக்கம்' என்பதன் ப-வும் 'கம்பம்' என்பதன் ப-வும் ஒரே எழுத்து, வேறு ஒலி. 'பட்டம்', 'பண்டம்' என்ற சொற்களில் ட-வும் அப்படித்தான். 'பக்கு', 'பங்கு' என்பவற்றில் கு-வும் அப்படித்தான். ஆக, ஆங்கிலம் கேட்கும் இரண்டு வகை வல்லினமும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழில் எது எங்கே வரும் என்பதை இடமே தீர்மானித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டும் எல்லா இடத்திலும் வரும். சிக்கல் அங்கேதான்.

சொல்லின் தொடக்கத்தில் இந்தச் சிக்கல் மூச்சால் வருகிறது. அழுந்தும் அசையின் முதலில் வரும் ப, ட, க ஒலிகளை (தொண்டை அதிராத வகையை) ஆங்கிலம் ஒரு மூச்சு வெடிப்போடு சொல்லும். தமிழ் 'பக்கம்' என்பதில் அந்த மூச்சு இல்லை. அதனால் நாம் குண்டூசி என்றால் அவர்கள் காதில் குப்பைத்தொட்டி விழுகிறது. சோதிக்க, மெல்லிய காகிதத்தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, உதட்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் முன்னால் தொங்கவிடுங்கள். 'பென்' (பேனா) என்னும்போது தாள் துள்ள வேண்டும். 'பென்ச்' என்னும்போது ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். 'ஸ்பென்ட்' என்னும்போதும் துள்ளக்கூடாது, ஏனென்றால் 'ஸ்' முன்னால் வந்தால் மூச்சு வெடிப்பு போய்விடும். தாளைத் துள்ளவைக்கச் சிலர் கத்துகிறார்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை, உதடு பிரிந்த பிறகு குரல் ஒரு நொடித்துளி தாமதமாகத் தொடங்கினால் போதும்.

சொல்லின் முடிவில் சிக்கல் வேறு. 'சீட்' என்பது இருக்கையாகவும் இருக்கலாம், விதையாகவும் இருக்கலாம். 'ஐஸ்' பனிக்கட்டியாகலாம், கண்களாகவும் ஆகலாம். எழுத்து வேறாக இருந்தாலும் ஆங்கிலேயர் கடைசி மெய்யை அவ்வளவு தெளிவாக அதிரவைப்பதில்லை. வேறுபாட்டைச் சுமப்பது முன்னால் உள்ள உயிரின் நீளம். விதையில் 'ஈ' நன்றாக நீளும், இருக்கையில் அது வெட்டுப்படும். இரண்டிலும் நாம் ஒரே நீளத்தில் 'ஈ' சொல்கிறோம். கடைசி மெய்யோடு மல்லுக்கட்டுவதை விட்டு, உயிரை ஒன்றரை மடங்கு நீட்டிப் பாருங்கள். புரியவைப்பதற்கு அதுவே பெரும்பாலும் போதும்.

இன்னொன்று, முடிவில் ஒட்டிக்கொள்ளும் உகரம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. எனவே 'புக்கு', 'பஸ்ஸு', 'டெஸ்ட்டு' என்று குற்றியலுகரம் தானாக வந்துவிடுகிறது. அரை மாத்திரைதானே என்று நமக்குத் தோன்றும். ஆங்கிலக் காதுக்கு அது ஒரு முழு அசை. இதைக் கடக்க, மெய்யை விடுவிக்காமல் நிறுத்துங்கள். 'ஸ்டாப்' என்று சொல்லி உதட்டை மூடியபடியே ஒரு எண்ணிக்கை காத்திருங்கள். 'புக்' என்று சொல்லி நாக்கின் பின்பகுதியை அண்ணத்திலேயே விட்டுவிடுங்கள். இதில் கேட்பதற்கும் இலாபம் உண்டு. இயல்பான பேச்சில் கடைசி வல்லினம் இப்படி மூடியபடியே முடிந்துவிடுவதால்தான் அது நம் காதில் விழாமல் போகிறது.

சொல் 'இ', 'எ' அல்லது 'ஒ' ஒலியில் தொடங்கினால் நாம் முன்னால் ய், வ் சேர்க்கிறோம்: 'யெக்', 'யெம்', 'வோன்லி'. இதனால் காது என்பது ஆண்டு என்று கேட்கும், கிழக்கு என்பது ஈஸ்ட் மாவு என்று கேட்கும். குரலை எழுப்பும் முன்பே தாடையைத் திறந்து வைத்துக்கொண்டால் இந்த ஒட்டு உதிர்ந்துவிடும்.

நாக்கு வைக்கும் இடங்களைப் பொறுத்தவரை, தமிழ் நமக்கு நல்ல முதலீடு. ஆங்கில 'டி' ஒலிக்கு நம் ட-வைப் போல நாக்கை மடிக்கக்கூடாது. 'மன்னன்' என்பதில் 'ன்ன' சொல்லும்போது நாக்கு தொடும் மேட்டில் நாக்கை வைத்து, அங்கிருந்து ட-வை விடுவியுங்கள். 'திஸ்', 'தட்' என்பவற்றின் ஒலிக்கு 'அது' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் த அழுத்தமில்லாமல், காற்று கசியும்படி இருக்கும். அதை நீட்டுங்கள், பிறகு முன்னால் உள்ள அ-வை எடுத்துவிடுங்கள். 'தேங்க்' என்பதற்கு அதே இடத்தில் குரலை நிறுத்திக் காற்றை மட்டும் விட வேண்டும். இந்த ஒலிக்காக மாதக்கணக்கில் உழைப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. த-வை வைத்துச் சமாளித்தாலும் பெரும்பாலும் பொருள் கெடுவதில்லை. 2000-ஆம் ஆண்டில் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற மொழியியலாளர், ஆங்கிலத்தைப் பொதுமொழியாகப் பேசும் பிறமொழியினருக்கு எவை இன்றியமையாதவை என்று வகுத்தபோது இந்த ஒலியைப் பட்டியலிலிருந்தே விலக்கினார். மூச்சு வெடிப்பு, உயிரின் நீளம், வாக்கியத்தில் முக்கியச் சொல்லை அழுத்துவது ஆகியவை பட்டியலில் இருந்தன.

அமெரிக்கர்களின் 'ஆர்' ஒலிக்கு நம் ழகரம் பக்கத்து வீடு. ழ சொல்லும் நாக்கை இன்னும் சற்றுத் தளர்த்தி, உதட்டைக் குவித்தால் 'ரைட்' சரியாக விழும். 'வெஸ்ட்' என்பது மேற்கு என்றால் உதடு குவியும், பல் படாது. உள்சட்டை என்றால் மேற்பல் கீழுதட்டைத் தொடும், உதடு குவியாது. தமிழ் வகரம் இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் கேட்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. 'ஈஸி', 'பிஸி', 'ரீசன்', 'வாஸ்' ஆகியவற்றில் வருவது அதிரும் ஸகரம். இரு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு சொன்னால் தலைக்குள் வண்டு ரீங்கரிக்க வேண்டும். அதற்குப் பதில் ஜ வந்துவிடுகிறதா என்று அறிய, ஒலியை மூன்று நொடி நீட்டிப் பாருங்கள். ஜ-வை நீட்ட முடியாது.

உயிர்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கப்பலுக்கும் ஆட்டுக்கும் ('ஷிப்', 'ஷீப்') உள்ள வேறுபாட்டை நாம் குறில், நெடில் என்று மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஆட்டின் 'ஈ', பின்னால் அதிராத ப வருவதால் வெட்டுப்பட்டுக் குறிலாகவே கேட்கும். அங்கே நீளத்தை நம்பும் காது ஏமாறும். கப்பலின் 'இ' நாக்கைத் தளர்த்தி, எகரத்தின் பக்கம் சற்று இறக்கிச் சொல்லப்படுவது. அந்தச் சாயலைத்தான் கேட்டுப் பழக வேண்டும்.

சொற்கள் ஒட்டும்போது

நன்னூல் படித்தவர்களுக்கு இந்தப் பகுதி எளிது. 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்ற விதி ஆங்கிலப் பேச்சுக்கும் அப்படியே பொருந்தும். 'பிக் இட் அப்' மூன்று சொல்லாக வராது, 'பிக்கிடப்' என்று ஒரே மூச்சில் வரும். 'அன் ஆப்பிள்' 'அனாப்பிள்' ஆகும். இரண்டு உயிர்கள் சந்தித்தால் உடம்படுமெய்கூட வரும்: 'ஐ ஆம்' நடுவில் ய், 'கோ அவுட்' நடுவில் வ். ஆங்கிலேயர் இதை எழுத்தில் காட்டுவதில்லை. நாம் தமிழில் காட்டுகிறோம், வேறுபாடு அவ்வளவே.

புணர்ச்சியில் திரிதலும் கெடுதலும் உண்டு. 'டிட் யூ' 'டிஜூ' ஆகும். 'நெக்ஸ்ட் டே', 'லாஸ்ட் நைட்' என்பவற்றில் நடுவிலுள்ள 'ட்' கெடும். 'டெல் ஹிம்' 'டெலிம்' என்று கேட்கும். அமெரிக்கப் பேச்சில் இரண்டு உயிர்களுக்கு நடுவே, அழுத்தத்துக்குப் பின் வரும் 'டி' நம் ரகரத்தைப் போல ஒரே தட்டாகிவிடும். 'வாட்டர்', 'சிட்டி', 'கெட் இட்' மூன்றையும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். தென் இங்கிலாந்தின் பொது வழக்கில் பின்னால் உயிர் வந்தால்தான் 'ஆர்' ஒலிக்கும். 'கார்' தனியே 'கா' ஆகிவிடும், 'கார் இஸ்' என்றால் 'ர்' திரும்பி வரும்.

இவற்றைவிட அதிகம் நழுவுபவை சின்னச் சொற்கள். 'டு', 'ஆஃப்', 'அண்ட்', 'ஃபார்', 'அட்', 'வாஸ்', 'ஹேவ்', 'கேன்' எல்லாம் வாக்கியத்துக்குள் ஷ்வாவாகச் சுருங்கும். 'ஷுட் ஹேவ்' என்பது 'ஷுடவ்' என்று ஒலிப்பதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே 'ஹேவ்' என்பதற்குப் பதில் 'ஆஃப்' என்று தவறாக எழுதுவதுண்டு. அவர்களும் அதை முழுதாகக் கேட்பதில்லை, இலக்கணத்தை வைத்து நிரப்பிக்கொள்கிறார்கள். நாமும் அதைத்தான் பழக வேண்டும்.

'முடியும்', 'முடியாது' குழப்பம் இதிலிருந்து பிறப்பது. எதிர்மறையின் கடைசி 'ட்' மூடியபடியே முடிந்துவிடும், அதைத் தேடாதீர்கள். 'கன்' என்று சுருங்கி, அடுத்த வினை அழுந்தினால் முடியும். 'கேன்' என்று உயிர் முழுதாக அழுந்தினால் முடியாது. பிரிட்டிஷ் வழக்கில் எதிர்மறைக்கு 'கான்ட்' என்று உயிரே மாறிவிடுவதால் தொல்லை குறைவு. பேசும்போதும் இதே கவனம் வேண்டும். முடியும் என்று சொல்ல நினைத்து 'கேன்' என்பதை அழுத்தினால், கேட்பவர் முடியாது என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

இருபத்தைந்து நிமிட வேலை

பின்னணியில் மணிக்கணக்கில் ஆங்கிலம் ஓடவிடுவதால் காது பழகும் என்று பலர் நம்புகிறார்கள். பிடிபடாத ஒலி நூறு முறை ஓடினாலும் பிடிபடாத ஒலியாகவே ஓடும். நாற்பது நொடிப் பதிவு ஒன்றை இருபத்தைந்து நிமிடம் குடைவது அதைவிடப் பயன்தரும்.

முழு எழுத்து வடிவம் கூடவே கிடைக்கும் பதிவாக எடுங்கள். தானியங்கித் துணைத்தலைப்பு போதாது. நமக்குக் குழப்பமான அதே இடத்தில் அதுவும் தவறும். பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' உரையோடு கிடைக்கிறது. மிகத் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் மெதுவான நிகழ்ச்சிப் பதிவுகள் ஏற்றவை. அந்த முறையை அவர்கள் 1959-இல் தொடங்கினார்கள். எழுத்தில் பார்த்தால் நூறு சொல்லில் ஐந்துக்கு மேல் தெரியாத சொற்கள் இருக்கிற பதிவைத் தள்ளிவையுங்கள். அது சொல்வளப் பயிற்சியாகிவிடும்.

உரையைப் பார்க்காமல் முழுதாக ஒருமுறை கேளுங்கள். பிறகு வாக்கியம் வாக்கியமாக நிறுத்திக் கையால் எழுதுங்கள், ஒரு வாக்கியத்துக்கு ஐந்து முறைக்கு மேல் வேண்டாம். விளங்காத இடத்தைக் கோடிட்டு விடுங்கள், அல்லது காதில் விழுந்த ஒலியைத் தமிழில் எழுதுங்கள் (தமிழ் எழுத்து உதவும் இடம் இது ஒன்றுதான்). பிறகு உரையோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பிழைக்கும் அருகே காரணத்தைக் குறியுங்கள்: சொல்லே தெரியாது, தெரிந்த சொல் ஆனால் அழுத்தம் வேறாக இருந்தது, இரண்டு சொல் ஒட்டியது, சின்னச் சொல் விழுங்கப்பட்டது. இந்தக் குறிப்பே பயிற்சியின் உயிர். பத்து நாள் கழித்துப் புரட்டினால் உங்கள் காதின் நோய் எது என்று தெரிந்துவிடும். ஒட்டுதலில் இடறுபவர் சொல்பட்டியலை மனப்பாடம் செய்து பயனில்லை.

வேகத்தைக் குறைத்துக் கேட்பதானால் முக்கால் வேகம், அதுவும் பிழை நடந்த இடத்துக்கு ஒருமுறை மட்டும். பாதி வேகத்தில் ஒலிகள் இழுபட்டு, இயல்பான பேச்சில் இல்லாத ஒன்றைக் கேட்கப் பழகுவீர்கள். முடிப்பது எப்போதும் முழு வேகத்தில், உரையைப் பார்க்காமல் இருக்கட்டும்.

கடைசி எட்டு நிமிடம் வாய்க்கு. உரையில் அழுத்தங்களுக்குப் புள்ளியும் ஒட்டும் இடங்களுக்கு வளைவும் போட்டு, பதிவோடு சேர்ந்து முதலில் முணுமுணுங்கள், பிறகு குரலில் சொல்லுங்கள். பத்து நொடியைத் தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். வாய்க்கு நேராக வைத்தால் மூச்சு மோதி இரையும், ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள். அதை மறுநாள் கேளுங்கள். உடனே கேட்டால் மனம் நினைத்ததைத்தான் கேட்கும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கூறை ஒப்பிடுங்கள்: இன்று அழுத்தம், நாளை சொல்லின் முடிவு.

ஒரே பேச்சாளரை நம்பி இருக்காதீர்கள். 1991-இல் லோகன், லைவ்லி, பிசோனி என்ற ஆய்வாளர்கள், ஆங்கிலத்தின் ர, ல ஒலிகளைப் பிரித்தறிய முடியாத ஜப்பானியர்களுக்குப் பல பேச்சாளர்களின் குரலில், பல சொற்களில், உடனுக்குடன் சரி தவறு சொல்லிப் பயிற்சி அளித்தார்கள். சில வாரங்களில் அவர்கள் முன்னேறினார்கள். நாமும் 'வெஸ்ட்' இரண்டையும் 'சீட்' இரண்டையும் பத்து குரல்களில் கேட்க வேண்டும். யூகிளிஷ் தளத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் அது வரும் காணொளிகள் வரிசையாகக் கிடைக்கும். சொல்லைப் பாராமல் ஊகித்து, உடனே சரிபாருங்கள்.

தாய்மொழித் துணைத்தலைப்போடு படம் பார்ப்பது வாசிப்புப் பயிற்சியாகத்தான் முடியும். ஆங்கிலத் துணைத்தலைப்பு நல்லது, ஆனால் காட்சியை ஒருமுறை அது இல்லாமல் பார்த்த பிறகு. அமெரிக்கரைப் போல 'ஆர்' உருட்டி வேகமாகப் பேசப் பழகுவதும் வீண்தான். அழுத்தம் தமிழ்ப்படி இருந்தால், வேகம் கூடக்கூடப் புரிவது குறையும்.

நேரில் பேசும்போது தவறவிட்டால், மீண்டும் சொல்லும்படி மட்டும் கேட்காதீர்கள், அதே வேகத்தில் அதே ஒட்டோடு திரும்ப வரும். பிடிபட்ட பகுதியைச் சொல்லிப் பிடிபடாததை மட்டும் கேளுங்கள்: செவ்வாய்க்கிழமை என்றீர்கள், எத்தனை மணி? எண்ணாக இருந்தால் இலக்கமாக உடைத்துக் கேளுங்கள். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டையும் அழுத்தத்தால் பிரிக்கலாம் என்று பாடநூல்கள் சொல்லும். ஆனால் பின்னால் அழுத்தமான பெயர்ச்சொல் வந்தால் பதின்மூன்றின் அழுத்தமும் முன்னசைக்குப் போய்விடும். அப்போது நம்பத்தக்கது கடைசி 'ன்' மட்டுமே, அது அடுத்த சொல்லோடு ஒட்டிவிட்டால் அதுவும் போயிற்று. ஒன்று மூன்றா, மூன்று சுழியமா என்று கேட்டுவிடுங்கள்.